கெப்டன் பார்லோவின் வலது கால்

முதலில் அவள் கண்ணில் பட்டது ஒரு கால்தான். வலது கால்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் மழை பிடித்துக்கொண்டது. சும்மா தூறல் இல்லை... சுற்றியிருந்த மலைகளை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் கோபுரத்தையும் மறைத்துவிட்ட மழை. அம்பிட்டிய பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்த பிரேமிளாவின் குடை காற்றில் மடங்கிப்போக, பக்கத்திலிருந்த பேக்கரிக்குள் புகுந்துகொண்டாள். அவளைப்போலவே ஒதுங்கியவர்கள் உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர். ஈரத்துணி வாசமும் சுடச்சுட மீன் அடைத்த மாலுபாண் வாசமும் ஒன்றாகக் கலந்து கிடந்தன.

அப்போதுதான் மேல்மாடிப் படியில் அந்தக் கால் இறங்கியது.

இறங்கியது என்றா சொல்வது? யோசித்தது... இடது கால் முதலில் கீழ்ப்படிக்கு வந்தது. உடம்பின் பாரமெல்லாம் மேலே நின்ற வலது முழங்காலில் ஏற, அது ஒரு கணம் நடுங்கியது. கைப்பிடியை ஒரு கை இறுக்கிப் பிடித்தது.

"இறங்கும்போது வலிக்கிற கால முதல்ல வைங்க. ஏறும்போது நல்ல கால..."

பிரேமிளா வாய்விட்டே சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவள் பிசியோதெரபிஸ்ட். யாரைக் கண்டாலும் முகத்துக்கு முன்னால் காலைப் பார்ப்பது தொழிலோடு வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். அம்பிட்டிய வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த கடைசி மாப்பிள்ளையிடம்கூட, தேத்தண்ணீரை நீட்டியபடியே, "உங்களுக்குத் தட்டைப் பாதம். சப்பாத்துக்குள்ள ஒரு மெத்தை வச்சுக்கிட்டா முதுகு வலிக்காது" என்று சொல்லியிருந்தாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அங்கிருந்து அப்புறம் பதிலே வரவில்லை. அம்மா இராஜேஸ்வரி இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

படியில் கால் நின்றது. காலுக்கு மேலே ஒரு முகமும் இருந்தது. முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயது இருக்கும். ஒட்ட வெட்டிய தலைமுடி. வெளியே பெய்துகொண்டிருந்த மழையைப் போலவே கறுத்து, ஆழமாய், எப்போது வேண்டுமானாலும் சிரித்துவிடுகிற மாதிரி இரண்டு கண்கள்...

"எனக்கு வலிக்குதுன்னு யாருங்க சொன்னா?"

"உங்க முழங்கால்."

"அது உங்ககிட்ட பேசுச்சா?"

"பேசல. கத்துச்சு."

அவன் சிரிக்கத்தான் போனான். அதற்குள் காசாளர் மேசையிலிருந்து கடைக்கார முனாஸ் எழுந்துவிட்டான்.

"அட! கெப்டன் பார்லோ! நம்ம கடையிலயா இருக்கிறீங்க?"

பேக்கரி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கண்டியில் அந்தப் பெயரைத் தெரியாத தமிழ் வீடு அந்த வருடம் இல்லை. 'புழுதிக் கோட்டை' என்ற படம் அது. குதிரையும் துப்பாக்கியும் அகலத் தொப்பியுமாக அமெரிக்கப் பாலைவெளியில் நடக்கிற கௌபோய்க் கதையை, ஹுன்னஸ்கிரிய மலைப் புல்வெளியில், நுவரெலியாவிலிருந்து வாடகைக்கு எடுத்த நான்கே நான்கு குதிரைகளை வைத்துத் தமிழில் எடுத்திருந்தார்கள். இதென்ன கூத்து என்று சிரிக்க உட்கார்ந்தவர்கள், எழும்பும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினார்கள். அதற்குக் காரணம், நரையும் மீசையும் ஒட்டிக்கொண்டு இவன் நடித்த கெப்டன் பார்லோ. அறுபத்துமூன்று வயதான குதிரைப்படை அதிகாரி. நரைத்த மீசை, வெளிறிய நீலச் சட்டை. விடியற்காலையில் தன் படைக்கு முன்னால் குதிரை ஏறப் பார்க்கிறார்... முடியவில்லை. மறுபடி பார்க்கிறார். மூன்றாம் தடவையும் முடியவில்லை. படை முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. கெப்டன் மெதுவாகக் கடிவாளத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சொல்கிறார்: "குதிரை களைத்திருக்கிறது. இன்று நடப்போம்." காலைத் தாங்கித் தாங்கி முன்னால் நடக்கிறார். அவருக்குப் பின்னால் ஒவ்வொரு வீரனாகக் குதிரையை விட்டு இறங்கி நடக்கத் தொடங்குகிறான்...

மாநகர சபையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிரேமிளாவின் அப்பா அழகமுத்து, அந்த இடத்தை மட்டும் பதினொரு தடவை பார்த்துப் பதினொரு தடவையும் மூக்கைச் சிந்தியிருந்தார்.

"சேர், அந்த நடைய ஒருக்கா நடந்து காட்டுங்களேன்..." என்று ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள். ஃபோன்கள் எல்லாம் எழும்பின. அவன் கூச்சத்தோடு பிடரியைத் தடவினான். பிறகு பேக்கரியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, தாங்கித் தாங்கி, கெப்டனாக நடந்தான். கைதட்டல் மழைச் சத்தத்தையும் மீறியது.

பிரேமிளா மட்டும் தட்டவில்லை. படியில் இறங்கிய அதே கால். அதே சாய்வு. திரையில் அன்று பார்த்ததும் இதே...

"இது நடிப்பு இல்லையே," என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் கைதட்டல் ஓய்ந்த நேரம் பார்த்து அது வெளியே வந்துவிட்டது.

"என்ன சொன்னீங்க?"

"உங்க முழங்கால் உள்பக்கத் தசைநார் அடிபட்டிருக்கு. படத்துலயும் இதே கால்தான், இதே வலிதான். அது... நிஜமாவே வலிச்சிருக்கு. நீங்க நடிக்கல."

சிரிக்கக் காத்திருந்த கண்கள் அணைந்துபோயின. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஃபோன்கள் இன்னும் கீழே இறங்கியிருக்கவில்லை.

"நீங்க டொக்டரா மிஸ்?"

"பிசியோதெரபிஸ்ட்."

"அப்ப கால மட்டும் பாருங்க. நடிப்பப் பாக்கிறதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க."

மழைக்குள் இறங்கி நடந்தான். அவள் பார்க்கிறாள் என்று தெரிந்து, வேண்டுமென்றே நிமிர்ந்து, தாங்காமல் நடந்தான். அது எவ்வளவு வலிக்கும் என்று அந்த இடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். பாவம்... கூப்பிட்டு மன்னிப்புக் கேட்போமா என்று வாசல்வரை வந்தாள். தெருவில் மழையைத் தவிர யாரும் இல்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அழகமுத்து சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டார்.

"கெப்டனப் பாத்து அப்படிக் கேட்டியா புள்ள? ஒனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

பதினொரு நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, கிளினிக்கில் அவள் மேசைக்கு ஒரு புதுக் கோப்பு வந்தது. சுதேஷ். வயது முப்பத்துமூன்று. ஆசிரியர், பன்வில. பிரேமிளா வழக்கம்போல் பெயரைத் தாண்டி, கதவடியில் வந்து நின்ற காலைப் பார்த்தாள். அதே வலது கால்.

"இப்பவும் கத்துதா மிஸ்?" என்றான் அவன், கதவைப் பிடித்துக்கொண்டே.

"இல்ல... இப்ப அழுவுது. வந்து உக்காருங்க."

முந்தின நாள் பாடசாலைப் படிக்கட்டில் முழங்கால் மடங்கி, பிள்ளைகள் முன்னால் விழுந்துவிட்டானாம். கட்டிலில் காலை நீட்டிவிட்டு, விட்டத்தைப் பார்த்தபடி அவன் கிடந்தான். அவள் அன்றைக்குப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினாள். அவன் முந்திக்கொண்டான்.

"நீங்க சொன்னது உண்மைதான் மிஸ். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. குதிரையிலிருந்து விழுந்துட்டேன்."

அந்தக் குதிரையின் பெயர் ராணி. நுவரெலியா வாவிக்கரையில் சின்னப் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றி வருகிற குதிரை. ஒரு சுற்று முடிந்ததும் தானாகவே நின்றுவிடும். எவ்வளவு அதட்டினாலும் அதற்கு மேல் போகாது. படப்பிடிப்பின் மூன்றாம் நாள் பாய்ந்து போகிற காட்சியில் அது திடீரென்று நின்றது. சுதேஷ் நிற்கவில்லை. அடுத்த நாள் குதிரைகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முழங்காலில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் விடியற்காலைக் காட்சிக்கு வந்து நின்றான்.

"கதையில கெப்டன் ஏறிப் பாஞ்சு போகணும். அவ்வளவுதான். நான் ஏறிப் பாத்தேன்... முடியல. மூணு தடவ. கெமரா ஓடிக்கிட்டே இருக்கு. என்ன செய்யிறதுன்னு தெரியாம கடிவாளத்தப் புடிச்சிக்கிட்டு வாயில வந்தத சொல்லிட்டு நடந்தேன். அதத்தான் எல்லாரும் தூக்கி வச்சுக் கொண்டாடுறாங்க."

"ஏன் நீங்க உண்மைய சொல்லல?"

"மொத ஆள் வந்து 'எப்படி இப்படி நடிச்சீங்க'ன்னு கேட்டப்ப வெக்கமா இருந்துச்சு, சொல்லல. நூறாவது ஆள் கேட்டப்ப பயமாயிருச்சு..." அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். "நீங்க நூத்தியோராவது ஆளு. நீங்க கேக்கவே இல்ல. நேரா சொல்லிட்டீங்க."

அந்தச் சிரிப்பில் கோபம் இல்லை. அதுதான் பிரேமிளாவை என்னவோ செய்தது.

செவ்வாயும் வெள்ளியும் பாடசாலை விட்டதும் பன்வில பஸ்ஸில் வருவான். நான்கரை மணிக்குக் கதவடியில் நிழல் விழும். காலைத் தூக்கச் சொல்வாள், பத்து வரை எண்ணச் சொல்வாள். கணக்கு வாத்தியாரான அவன் வேண்டுமென்றே ஏழுக்குப் பிறகு ஒன்பது சொல்வான்.

"எட்டு எங்க சேர்?"

"அது லீவு."

"அப்ப மறுபடி ஒண்ணுல இருந்து."

"கொடுமக்காரி மிஸ் நீங்க... எங்க பாடசாலை அதிபர் பரவாயில்ல."

ஜன்னலுக்கு வெளியே மழை பெய்கிற நாட்களில் பேச்சு நீளும். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக் கூரையில் மழை விழுகிற சத்தத்துக்குள் தான் படித்து முடித்ததைச் சொல்வான். கொழுந்து எடுக்கிற அம்மா கலாராணி, மகனை நரைத்த மீசையோடு திரையில் பார்த்துவிட்டு, 'ஏன்டா, ஒங்க அப்பா இருந்திருந்தா இப்பிடித்தான்டா இருந்திருப்பாரு' என்று அழுததைச் சொல்வான். பிரேமிளா தன் தட்டைப்பாத மாப்பிள்ளையின் கதையைச் சொன்னாள். சிரித்துச் சிரித்து அவனுக்குக் கட்டிலில் உட்கார முடியவில்லை.

"அப்ப என்னப் பாத்தா என்ன தோணும் மிஸ், கல்யாணத்துக்கு?"

அவள் குனிந்து முழங்காலை அளந்துகொண்டே, "எட்டு வாரம் பயிற்சி தோணும்," என்றாள். காது மட்டும் சூடாகிவிட்டது...

இரண்டாம் வாரமோ மூன்றாம் வாரமோ ஒருநாள் பேச்சுவாக்கில் பெருமையடித்துக்கொண்டாள்.

"என் முன்னாடி யாரும் பொய்யா தாங்கி நடக்க முடியாது. லீவு எடுக்கிறதுக்காக நடிச்சிக்கிட்டு எத்தன பேர் வந்திருக்காங்க தெரியுமா? பத்து அடியில புடிச்சிருவேன்."

"அப்படியா மிஸ்?" என்றான் அவன். அவ்வளவுதான்.

ஐந்தாவது வாரம் வீக்கம் முழுதாக வற்றியது. மெலிந்துபோயிருந்த தொடைத் தசை திரும்பி வந்துவிட்டது. நாடாவைப் போட்டு அளந்து பார்த்தாள், இரண்டு காலும் ஒரே அளவு. ஆனால் அவன் எழுந்து நடந்தால் அதே சாய்வு... அதே தாங்கல்... ஆறாவது வாரமும் அப்படித்தான். ஏழாவது வாரமும் அப்படித்தான்.

பிரேமிளாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பகல் சாப்பாட்டு நேரத்தில் பழைய பாடப் புத்தகங்களைப் புரட்டினாள். எங்கேயோ எதையோ தவறவிட்டுவிட்டேன்... என் கையால் இவன் கால் சரியாகாமலே போய்விடுமோ? கட்டுக்கலைப் பிள்ளையாரிடம்கூட ஒரு முழங்காலுக்காக வேண்டிக்கொண்டாள். இத்தனை வருடத்தில் எந்த நோயாளிக்காகவும் அவள் அப்படி வேண்டியதில்லை. அதை நினைத்தபோது அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

கடைசியில் மேல்மாடியிலிருக்கும் எலும்பு வைத்தியர் டொக்டர் மஸீனாவிடம் அவனைக் கூட்டிப்போனாள். "ஒப்பரேஷன் தேவைப்படுமோ தெரியல டொக்டர்," என்று சொல்லும்போது அவள் குரல் தழுதழுத்தது. சுதேஷ் சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தான். எதையோ சொல்ல வாயெடுத்தான்...

அந்த நேரம் பார்த்து ஜன்னலால் ஒரு காற்று. டொக்டரின் மேசையிலிருந்த தாள்கள் அறை முழுக்கப் பறந்தன. ஒரு நொடிதான். சுதேஷ் பாய்ந்து போய், இரண்டு முழங்காலையும் முழுக்க மடக்கிக் குந்தி, மேசைக்கடியில் போனதையும் எட்டி எடுத்து, எதையும் பிடிக்காமல் ஒரே எழும்பலில் எழும்பி, அடுக்கி நீட்டினான்.



டொக்டர் மஸீனா மூக்குக் கண்ணாடியை இறக்கி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு ஒளிந்து நின்றது.

"மிஸ் பிரேமிளா, இந்தக் கால வச்சுக்கொண்டு இவர் ஹுன்னஸ்கிரிய மலையே ஏறி இறங்கலாம். இவருக்கு என்ன வருத்தம் எண்டு நீங்க இவர்ட்டயே கேளுங்க."

அறைக்கு வெளியே நடைபாதைக்கு வந்ததும் அவள் திரும்பினாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"எத்தன நாளா?"

"மூணு வாரம்..."

"நான் ராப்பகலா புத்தகத்தப் புரட்டுறேன். டொக்டர்கிட்ட போய் ஒப்பரேஷன் அது இதுன்னு நிக்கிறேன்... நீங்க உள்ளுக்குள்ள சிரிச்சிக்கிட்டு இருந்தீங்களா? அன்னைக்கு பேக்கரியில எல்லார் முன்னாடியும் சொன்னதுக்குத்தானே இது? பத்து அடியில புடிச்சிருவேன்னு சொன்னா, தோக்கடிச்சுக் காட்டணும்... அதானே?"

"பிரேமிளா, அது..."

முதல் தடவையாக அவள் பெயரைச் சொன்னான். அவள் அதைக் கேட்கிற நிலையில் இல்லை.

"ஜெயிச்சிட்டீங்க சேர். நல்லா நடிச்சீங்க. இனி வரத் தேவயில்ல."

அவன் முகம் வெளுத்தது. சொல்ல வந்ததை விழுங்கினான். "அப்படித்தான் நெனச்சீங்கன்னா... அப்படியே இருக்கட்டும்."

நடைபாதையின் நீளத்துக்கும் அவன் நடந்து போனான். சாய்வில்லை, தாங்கல் இல்லை. அவள் கையால் சரிசெய்த கால். எந்தக் குறையும் சொல்ல முடியாத நடை. அது தன்னைவிட்டு விலகிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது இவ்வளவு வலிக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த செவ்வாய் நான்கரை மணிக்குக் கதவடியில் ஒரு நிழல் விழுந்தது. இடுப்பு வலிக்காரப் பெரியவர். வெள்ளியன்று யாரும் வரவில்லை. அதற்கடுத்த செவ்வாய், எண்ணும்போது அவளே ஏழுக்குப் பிறகு ஒன்பது சொல்லிவிட்டுத் திடுக்கிட்டாள்.

அந்த வாரக் கடைசியில் அப்பா இரண்டு அழைப்பிதழோடு வந்தார். கண்டித் தமிழ்த் திரைப்பட ரசிகர்கள் ஒன்றுசேர்ந்து, ஞாயிறு பின்னேரம் வாவிக்கரைப் பக்கத்து மண்டபத்தில் கெப்டன் பார்லோவுக்குப் பாராட்டு விழா வைக்கிறார்கள்.

"நீயும் வார புள்ள. அவருகிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டுரு. என் மனசுக்கு அது ஆறாமலே கெடக்கு."

அவருக்கு நடுவில் நடந்த எதுவும் தெரியாது. "வரல" என்று சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் சனிக்கிழமை பகல், வீட்டில் யாரும் இல்லாத நேரம், அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தாள். அந்த விடியற்காலைக் காட்சி வந்தது. இந்த முறை காலைப் பார்க்கவில்லை. அந்தக் காலை அவளுக்குத்தான் மனப்பாடமாகத் தெரியுமே...

முகத்தைப் பார்த்தாள்.

மூன்றாம் தடவை தோற்று நின்றபோது அந்தக் கண்களில் வலி இல்லை. வலியை அவன் எங்கோ தூரத்தில் தள்ளி வைத்திருந்தான். அங்கே இருந்தது வெட்கம்... வயதான ஒரு மனுஷனின் வெட்கம். பிறகு படையைத் திரும்பிப் பார்த்து, அவர்கள் யாரும் சங்கடப்பட்டுவிடக்கூடாது என்று சின்னதாக ஒரு சிரிப்பு. ராணியின் கழுத்தை, பழியை உன் மேல் போடுகிறேன் பொறுத்துக்கொள் என்பதுபோல் மெல்லத் தட்டிக்கொடுக்கிற அந்தக் கை. அடிபட்ட முழங்கால் ஒருவனை நொண்ட வைக்கும். இதையெல்லாம் அது செய்யுமா? எரிகிற வலியோடு நின்றவன், அந்த நேரத்திலும் தன்னை மறந்து இன்னொருவராக இருந்திருக்கிறான்.

பிரேமிளா திரும்பத் திரும்பப் பார்த்தாள். அப்பாவைப் போலவே மூக்கைச் சிந்தினாள்.

ஞாயிறு மண்டபம் நிறைந்திருந்தது. படத்தை இயக்கிய நிஸாம் முன்வரிசையில் இருந்தார். பொன்னாடை, மாலை, பேச்சு எல்லாம் முடிந்து, மேடையிலிருந்தவர் எல்லோரும் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டார்: "அந்த நடையை எப்படி உருவாக்கினீர்கள்?"

சுதேஷ் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தான்.

"உருவாக்கல. குதிரையில இருந்து விழுந்து முழங்கால் அடிபட்டிருந்துச்சு. ஏற முடியல, அதனால நடந்தேன். இத்தன நாளா அத என் நடிப்புன்னு நீங்க சொன்னப்ப பேசாம கேட்டுக்கிட்டு இருந்தேன். தப்பு. ஒரே ஒரு ஆளு மட்டும் அது நடிப்பு இல்லன்னு நேருக்கு நேரா சொன்னாங்க. அன்னைக்கு அவங்க மேல கோவப்பட்டேன். அவங்க சொன்னதுதான் உண்ம."

மண்டபம் திகைத்துப்போய் இருந்தது. முன்வரிசையிலிருந்து நிஸாம் எழுந்தார்.

"தம்பி, ஒனக்கு மட்டுந்தான் தெரியும்னு நெனச்சியா? விழுந்ததும் எனக்குத் தெரியும், கட்டுப் போட்டதும் தெரியும். பொறகு ஏன் நான் கட் சொல்லல்ல? விழுந்தவன் ஊருக்குள்ள எத்தன பேர் ஈக்கிறான். விழுந்த எடத்துல நின்டு கெப்டன் மாதிரி பேச ஒன்னாலதான் ஏலும்னுதான்!"

கைதட்டல் கூரையைப் பிடுங்கியது. அழகமுத்து எழுந்து நின்று தட்டினார். பிறகு திடீரென்று எதையோ கணக்குப் போட்டுப் பார்த்தவராக, மகள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"புள்ள... அந்த ஒரு ஆளு நீதானே?"

பிரேமிளா அங்கே இல்லை.

மண்டபத்துக்குப் பின்பக்க விறாந்தையில் சுதேஷ் பொன்னாடையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, வாவியைப் பார்த்தபடி நின்றான். வெயிலும் தூறலுமாக ஒரு பின்னேரம். தண்ணீரில் புள்ளி புள்ளியாக மழை விழுந்து வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினான்.

"எதுக்கு அப்படி எல்லார் முன்னாடியும் சொன்னீங்க?" என்றாள், மூச்சிரைக்க.

"உண்ம அதுதானே மிஸ்."

"இல்ல. அது பாதி உண்மதான்." துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "நேத்து மறுபடி பாத்தேன். கால் வலிச்சது நெசம். ஆனா அந்தச் சிரிப்பு... குதிரையத் தட்டிக்குடுத்தது... அது நீங்க. அன்னைக்கு நான் கால மட்டும் பாத்துட்டு எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன். மன்னிச்சிருங்க."

அவன் அவளையே பார்த்தான். அந்தக் கறுத்த கண்கள் ஈரமாக மின்னின.

"சரி, இப்ப நீங்க சொல்லுங்க," என்றாள். "அந்த மூணு வாரம்... என்ன தோக்கடிக்கத்தான் நடிச்சீங்களா?"

"ஒங்களத் தோக்கடிச்சு எனக்கு என்ன கெடைக்கும்?"

"அப்ப ஏன்?"

"அஞ்சாவது வாரம் ஒரு வெள்ளிக்கெழம, பஸ்ஸுல இருந்து எறங்குறேன், வலியே இல்ல. சந்தோஷப்படணும்ல? எனக்கு அழுகையா வந்துச்சு. கால் நல்லாயிருச்சுன்னு தெரிஞ்சா நீங்க என்ன சொல்லுவீங்க? 'இனி வரத் தேவயில்ல'ன்னு சொல்லுவீங்க. அந்த வார்த்தையக் கேக்க தைரியம் இல்ல. கிளினிக் வாசல்ல நின்னு யோசிச்சேன்... அப்புறம் தாங்கித் தாங்கி உள்ள வந்தேன்." அவன் குரல் இறங்கிவிட்டது. "நீங்க கவலப்படுறீங்கன்னு தெரிஞ்ச அன்னைக்கே சொல்லியிருக்கணும். டொக்டர் ரூமுல ஒங்க குரல் நடுங்குனப்பதான் என் புத்திக்கு ஒறச்சுச்சு. அதுக்குள்ள அந்தக் காத்து வந்து..."

பிரேமிளாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சிரிப்பை அடக்கப் பார்த்தாள், கண்ணீர் வழிந்தது.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே..."

"என்னன்னு?"

"கால் நல்லாயிருச்சு, இருந்தாலும் வரட்டுமான்னு."

"கேட்டிருந்தா?"

தூறல் சாய்ந்து விறாந்தைக்குள் விழுந்தது. இருவரும் ஒதுங்கவில்லை.

"பிரேமிளா..." அந்தப் பெயரை அவன் இந்தத் தடவை அவசரமில்லாமல் சொன்னான். "எனக்கு ஒங்கள ரொம்பப் புடிச்சிருக்கு. இதுல நடிப்பு எதுவும் இல்ல. பன்வில பாடசாலையில ஒரு சாதாரண வாத்தியார்தான் நான். மீசையையும் தொப்பியையும் கழட்டிட்டா என்கிட்ட வேற ஒண்ணும் பெருசா இல்ல. அம்மாகிட்ட ஒங்களப் பத்தி சொல்லிட்டேன். அவங்க கேட்ட ஒரே கேள்வி, அந்தப் புள்ளைக்குத் தெரியுமான்னுதான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். இத்தனை வருடமாக எல்லோரிடமும் பட்டென்று உண்மையைச் சொல்லிப் பழகிய வாய்க்கு, இந்த ஒரு உண்மை மட்டும் லேசில் வரவில்லை.

"ஒங்க அம்மாகிட்ட சொல்லுங்க..." என்றாள்.

"என்னன்னு சொல்ல?"

"தெரியும்னு சொல்லுங்க. அந்தப் புள்ளைக்கும் ஒங்கள ரொம்ப நாளாவே புடிச்சிருக்கு, சொல்லத்தான் வெக்கமா இருந்துச்சுன்னு சொல்லுங்க..."

சொல்லி முடித்ததும் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். சுதேஷ் அந்தக் கைகளை ஒவ்வொன்றாக, மெல்ல, விலக்கினான்.